ஹடூப் பரவல் கோப்பு முறைமையைத் தனிக்கணினியில் நிறுவுதல்

ஹடூப் பரவல் கோப்பு முறைமை (சுருக்கமாக எச்டிஎப்எஸ்) என்பது பெருந்தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து சேமிக்கும் திறமூல மென்பொருள் ஆகும். இது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. பல கணினிகளுக்கென உருவாக்கப்பட்டிருந்தாலும், கற்பதற்காகவும் சோதனைக்காகவும் இதனை ஒரே கணினியில் நிறுவி இயக்கலாம். இவ்வாறு இயக்குவது போலிப் பரவல் முறை எனப்படுகிறது.

வரலாறு

கூகுள் நிறுவனம் தனது கோப்பு முறைமையைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2003 இல் வெளியிட்டது. அதன் அடிப்படையில் டக் கட்டிங், மைக் கஃபரெல்லா ஆகியோர் நட்ச் என்னும் தேடுபொறித் திட்டத்திற்காக ஒரு கோப்பு முறைமையை எழுதினர். அது 2006 இல் ஹடூப் என்ற தனித்திட்டமாகப் பிரிந்தது. கட்டிங்கின் மகன் வைத்திருந்த பொம்மை யானையின் பெயரே ஹடூப் ஆகும்.

கட்டமைப்பு

கோப்புகள் துண்டங்களாகப் பிரித்துச் சேமிக்கப்படுகின்றன. ஹடூப் 2 முதல் ஒரு துண்டத்தின் இயல்பான அளவு 128 மெகாபைட் ஆகும். எடுத்துக்காட்டாக, 300 மெகாபைட் கோப்பு 128, 128, 44 மெகாபைட் கொண்ட மூன்று துண்டங்களாகும். ஒவ்வொரு துண்டத்திற்கும் இயல்பாக 3 படிகள் வைக்கப்படுவதால் மொத்தம் 900 மெகாபைட் இடம் தேவைப்படும்.

* பெயர்க்கணு: கோப்புகளின் பெயர்கள், அடைவுகள், ஒவ்வொரு கோப்புக்கும் உரிய துண்டங்கள் ஆகிய விவரங்களைக் காக்கிறது.
* தரவுக்கணு: துண்டங்களைத் தன் வன்தட்டில் சேமிக்கிறது. 3 நொடிகளுக்கு ஒருமுறை பெயர்க்கணுவிற்குத் தன் இருப்பைத் தெரிவிக்கிறது.
* இரண்டாம் பெயர்க்கணு: மாற்றங்களின் பதிவேட்டை அவ்வப்போது முதன்மைப் பதிவுடன் இணைக்கிறது. பெயருக்கு மாறாக, இது பெயர்க்கணுவின் மாற்று அன்று.

நிறுவும் முறை

1. ஜாவாவை நிறுவி, அதன் இருப்பிடத்தை ஹடூப்பின் சூழல் கோப்பில் குறிப்பிட வேண்டும்.
2. கடவுச்சொல் இன்றித் தன் கணினிக்குள்ளேயே எஸ்எஸ்எச் வழியாக நுழைய வழி செய்ய வேண்டும். ஹடூப்பின் தொடக்க நிரல் இவ்வழியாகவே கணுக்களை இயக்குகிறது.
3. கோர்-சைட் என்னும் எக்ஸ்எம்எல் கோப்பில் பெயர்க்கணுவின் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்பதையும் அதன் போர்ட் எண்ணையும் தர வேண்டும்.
4. எச்டிஎப்எஸ்-சைட் கோப்பில் படிகளின் எண்ணிக்கையை 1 என மாற்ற வேண்டும். 3 என்றே விட்டால், ஒரே தரவுக்கணு இருப்பதால் எல்லாத் துண்டங்களும் படி குறைந்தவை என அறிவிக்கப்படும்.
5. பெயர்க்கணுவை ஒருமுறை வடிவமைத்த பின் தொடக்க நிரலை இயக்க வேண்டும்.

ஜேபிஎஸ் கட்டளையை இட்டால் மேற்கூறிய மூன்று கணுக்களும் பட்டியலில் தோன்ற வேண்டும். ஹடூப் 3 இல் உலாவி வழியாக 9870 என்ற போர்ட்டிலும் நிலையைக் காணலாம். முந்தைய பதிப்புகளில் இது 50070 ஆக இருந்தது.

தரவு இழப்பு

ஹடூப் தன் தரவை இயல்பாகத் தற்காலிகக் கோப்புகளுக்கான அடைவின் கீழ் வைக்கிறது. பல லினக்சு வழங்கல்களில் கணினியை மறுபடி தொடங்கும்போது இவ்வடைவு அழிக்கப்படுவதால் பெயர்க்கணு இயங்க மறுக்கும். ஆகவே, தொடக்கத்திலேயே வேறு நிலையான அடைவைக் குறிப்பிடுவது நன்று.

பெயர்க்கணுவை மீண்டும் வடிவமைத்தால் கோப்பு விவரங்கள் அனைத்தும் அழியும். துண்டங்கள் வன்தட்டில் எஞ்சியிருந்தாலும் எது எந்தக் கோப்பைச் சேர்ந்தது என்பது தெரியாது. மேலும், ஒவ்வொரு வடிவமைப்பிலும் புதிய கொத்து அடையாள எண் உருவாவதால், பழைய எண்ணைக் கொண்ட தரவுக்கணு தொடங்காது.

வரம்புகள்

பல கணினிகள் உள்ள கொத்தில் ஒரு தரவுக்கணு ஏறத்தாழ பத்தரை நிமிடங்கள் தொடர்பின்றி இருந்தால் அது செயலிழந்ததாகக் கருதப்படும். அதிலிருந்த துண்டங்கள் மற்ற கணுக்களில் உள்ள படிகளிலிருந்து மீண்டும் உருவாக்கப்படும். தனிக்கணினியில் அத்தகைய வேறு படி இல்லை. வன்தட்டு பழுதானால் விவரமும் தரவும் ஒருங்கே இழக்கப்படும். எனவே இந்நிறுவல் கட்டளைகளையும் கட்டமைப்பையும் கற்க ஏற்றது. தேவையான கோப்புகளின் ஒரே இருப்பிடமாக இதனைக் கொள்ளலாகாது.