விதையா? விளைநிலமா?

ஊட்டிக்குப் போவோர் பெரும்பாலும் மலர் காணப் போகிறார்கள். நாம் சென்ற கோடையில் மாணவர் சிலருடன் அங்கே சென்று, இலை கண்டு திரும்பினோம்!

தொட்டபெட்டாவின் சரிவில், 1848ஆம் ஆண்டு மெக்ஐவர் என்பாரின் பொறுப்பில் உருப்பெறத் தொடங்கிய தாவரவியல் பூங்காவைச் சுற்றிவிட்டு வந்துகொண்டிருந்தோம். வழியில் ஒரு வீட்டு வாயிலிலே ஜெரேனியம் தொட்டி ஒன்று. இலையின் நடுவிலே பசுமை, விளிம்பிலே வெண்மை. மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இந்த வெள்ளை இதற்கு அப்பன் கொடுத்ததா, ஆத்தாள் கொடுத்ததா?"

சிறுவன் கேட்ட கேள்விதான். ஆனால் சிறிய கேள்வியன்று. பிள்ளைக்குத் தந்தை தருவது எது, தாய் தருவது எது என்று ஆராயாமலே விடை சொல்லிவிட்டவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். அந்த விடையைச் சாத்திரமாக்கிப் பெண்ணின் தலைமேல் ஏற்றியும் வைத்தார்கள்.

மனுதர்மத்தின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை வயல் என்கிறது. ஆணை விதை என்கிறது. இரண்டையும் எடைபோட்டு, விதையே மேல் என்று தீர்ப்பும் கூறுகிறது. இங்கு மட்டுமா? கி.மு. 458இல் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய ஈஸ்கிலசின் நாடகத்திலே, அப்போலோ தெய்வம் மன்றத்தின் முன் நின்று, தாய் பெற்றவளே அல்லள், தந்தை இட்ட வித்தைப் பேணும் செவிலியே என்று வாதாடுகிறது. வயலுக்கு உரிமை ஏது? வயலை உடையவனுக்குத்தானே உரிமை! உவமையாகத் தொடங்கியது உடைமையாக முடிந்தது.

இந்த வழக்கிலே மறுசாட்சி சொன்னது ஒரு பட்டாணிச் செடி. நெட்டைச் செடியின் மகரந்தத்தைக் குட்டைச் செடியின் மலரில் இட்டாலும், குட்டையினதை நெட்டையில் இட்டாலும், விளைவு ஒன்றே என்று மெண்டல் 1866இல் அச்சிட்ட ஆய்வு காட்டிற்று. தந்தையின் பங்கும் தாயின் பங்கும் சமம்! கவனிப்பார் அதிகமின்றிக் கிடந்த அந்த உண்மையை 1900இல் மீண்டும் வெளிக்கொணர்ந்தவருள் ஒருவர், ஜெர்மானிய அறிஞர் கார்ல் காரென்ஸ்.

அந்தக் காரென்சே, மெண்டலின் கணக்குக்கு அடங்காத ஒன்றையும் கண்டார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, நம் வீட்டுக் கொல்லைகளில் மாலைதோறும் மலரும் அந்திமந்தாரையிலே ஒரு வகை உண்டு. ஒரே செடியில் ஒரு கிளை முழுப் பச்சை. ஒரு கிளை முழு வெண்மை. ஒரு கிளை இரண்டும் கலந்தது. அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்து, 1909இல் அவர் முடிவை வெளியிட்டார்.

பச்சைக் கிளையின் பூவிலே எந்தக் கிளையின் மகரந்தத்தை இட்டாலும் கன்றுகள் பச்சை. வெண்கிளையின் பூவிலே பச்சைக் கிளையின் மகரந்தத்தை இட்டாலும் கன்றுகள் வெள்ளை. பச்சையம் இல்லாத அந்தக் கன்றுகள் உணவு ஆக்க வழியின்றி மடிந்தன. கலப்புக் கிளையின் பூவிலிருந்தோ மூவகைக் கன்றுகளும் வந்தன. தந்தையின் பேச்சு எடுபடவே இல்லை!

காரணம் என்ன? இலைக்குப் பசுமை தருவன பசுங்கணிகங்கள் என்னும் நுண்ணிய உறுப்புகள். அவை உயிரணுவின் உட்கருவுக்கு வெளியே இருப்பவை. தமக்கெனத் தனி மரபுப்பொருள் உடையவை. தாயின் சூலணு அவற்றின் முன்வடிவங்களைத் தன்னுள் ஏந்தி நிற்கிறது. பூக்கும் செடிகள் பெரும்பாலானவற்றில், ஆண் அணு உட்கருவைத் தருவதோடு நின்றுவிடுகிறது. இலையில் காணும் வெண்மையெல்லாம் இவ்வழி வருவதன்று. உட்கருவின் மரபணுக்களால் வருவதும் உண்டு. ஆயினும் பசுங்கணிகம் கைமாறும் வழி பெரிதும் தாய்வழியே. விதையிலிருந்து எழும் தேயிலைச் செடியிலும் அவ்வாறே என்று 2011இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. நீலகிரிச் சரிவுகளில் தேயிலைச் செடியின் கொழுந்தைப் பறித்துக் கூடையில் நிரப்பும் பெண்ணை வயல் என்றார்களே, அந்தக் கொழுந்தின் பசுங்கணிகமே தாய் விட்டுச்சென்ற சொத்து!

அப்படியானால் தாயே மேல், தந்தை கீழ் என்று முழங்கத் துடிக்கும் தோழர்களே, சற்றுப் பொறுங்கள். அதே 1909இல் எர்வின் பவுர் என்பவர் வெண்விளிம்பு ஜெரேனியத்தை ஆராய்ந்தார். அதிலே தந்தையின் மகரந்தமும் பசுங்கணிகத்தைக் கொண்டுவருகிறது என்று கண்டார். ஆகவே நம் மாணவனுக்கு உரிய விடை: "இந்தச் செடியில் இருவரில் எவரும் தந்திருக்கலாம், தம்பி. இணைத்துப் பார்த்தால்தான் தெரியும்."

'இணைத்துப் பார்த்தால்தான் தெரியும்' என்னும் இந்தச் சொல்லிலேதான் அறிவியல் வாழ்கிறது. அந்திமந்தாரைக்கு ஒரு விடை. ஜெரேனியத்துக்கு வேறு விடை. இயற்கை எவருக்கும் சாத்திரம் எழுதித் தரவில்லை.

அதை மறந்தால் என்ன ஆகும்? ஜெரேனியத்தைச் சரியாகக் கண்ட அதே பவுர், 1921இல் இருவருடன் சேர்ந்து மனித மரபியலையும் இனத்தூய்மையையும் பற்றி நூல் வெளியிட்டார். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரித்த அந்நூல் நாஜிகளுக்குக் கருவியாயிற்று. செடியைச் சோதித்தவர், மனிதனிடம் வந்ததும் சாத்திரம் எழுதினார்! பிறப்பால் உயர்வு தாழ்வு என்பதை மனுவின் சுலோகம் சொன்னாலென்ன, மரபியல் நூல் சொன்னாலென்ன? பொய் பொய்தான்.

பெண்ணுக்கு உரிமை வேண்டும் என்பது அந்திமந்தாரை சான்று சொன்னதற்காக அன்று. அவள் மனிதர் என்பதற்காக. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சொத்துரிமை கேட்டது எந்த இலையையும் பார்த்தா? 1989இல் தமிழ்நாட்டுச் சட்டம் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு தந்தது; 2005இல் அவ்வுரிமை ஏறக்குறைய இந்தியா முழுமைக்கும் வந்தது.

சட்டம் வந்தது, நம் வீட்டுக்கு வந்ததா? சீர் செய்தாயிற்று என்று சொல்லித் தங்கையிடம் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோமே, அதற்குப் பெயர் என்ன தெரியுமா? விடுதலைப் பத்திரம்! உரிமையைப் பறிப்பதற்கு விடுதலை என்று பெயரா? அந்தத் தாளை நீட்டும் கை நம்முடைய கையாக இருக்கலாமா, தோழர்களே?