மதுரையில் மோட்டார் போக்குவரத்தும் வாகனக் காப்பீடும்

மதுரை மாநகரின் மோட்டார் போக்குவரத்து வரலாறு, தேரோட்டத்திற்காக அமைந்த தெருக்களில் பேருந்துகளும் மகிழுந்துகளும் இடம்பிடித்த வரலாறாகும். வாகனம் நிற்கும் இடத்திற்கும் வாகனம் விளைவிக்கும் தீங்கிற்கும் யார் பொறுப்பு என்ற கேள்விகள் இதன் மையமாக உள்ளன. முதற்கேள்விக்கு நகர நிர்வாகமும், இரண்டாவதற்குக் காப்பீட்டுச் சட்டமும் விடை தேடி வந்துள்ளன.

தெரு அமைப்பு

மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி ஆகிய வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்துள்ளன. சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளில் வலம் வருகிறது. தேர் செல்லும் வீதிகள் அகலமானவை. அவற்றை இணைக்கும் சந்துகள் நடப்போருக்கும் மாட்டு வண்டிக்கும் போதுமானவையாகவே இருந்தன.

19-ஆம் நூற்றாண்டில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. இடித்துச் சமன்செய்தவர்களுக்கே அந்நிலம் வழங்கப்பட்டது. அவ்விடத்தில் வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி ஆகியவை உருவாயின. கோட்டையின் எச்சமொன்று இன்றும் பெரியார் பேருந்து நிலையம் அருகே உள்ளது. பிளாக்பர்ன் நினைவாக எழுப்பப்பட்ட விளக்குத்தூண் கீழமாசி வீதிப் பகுதியில் நிற்கிறது. 1875-இல் தொடர்வண்டி வந்தபின் நகரின் மேற்குப் பகுதி பயணிகள் கூடும் இடமாயிற்று.

பேருந்துகளின் வருகை

திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். டி.வி.எஸ். பேருந்துகள் நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்றவை. அவற்றைப் பார்த்தே ஊரார் கடிகாரத்தைச் சரிசெய்வர் என்ற பேச்சு இன்றும் மதுரையில் உண்டு. இரண்டாம் உலகப்போரின் பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது, கரியிலிருந்து எரிவளி தரும் கலன்களை அந்நிறுவனம் தயாரித்தது.

1972-இல் அந்நிறுவனத்தின் பேருந்துகள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. அது 1997-இல் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டமாகப் பெயர் மாறியது.

காப்பீட்டுச் சட்டம்

1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. வண்டி மோதி ஒருவர் இறந்தால், குடும்பத்தார் உரிமையியல் நீதிமன்றத்தில் ஓட்டுநரின் தவறை நிறுவ வேண்டும். வென்றாலும், வண்டிக்காரரிடம் பணம் இல்லையெனில் தீர்ப்பால் பயனில்லை. இக்குறையைப் போக்கவே 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மூன்றாம் தரப்புக் காப்பீடு சேர்க்கப்பட்டது. அது 1946 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் முதல் தரப்பு வண்டி உரிமையாளர், இரண்டாம் தரப்பு காப்பீட்டு நிறுவனம், மூன்றாம் தரப்பு சாலையில் அடிபடுபவர். ஆகவே இது வண்டியைக் காக்கும் காப்பீடு அன்று.

பின்னர் வந்த முக்கிய மாற்றங்கள்:

1956: இழப்பீட்டுத் தீர்ப்பாயங்கள் அமைக்க வழி செய்யப்பட்டது.
1973: பொதுக் காப்பீட்டுத் துறை நாட்டுடைமையானது. நான்கு அரசு நிறுவனங்களுள் ஒன்றான யுனைட்டெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது.
1982: தவறு யாருடையது என்று பாராமல் குறைந்தபட்ச இழப்பீடு வழங்கும் விதி சேர்க்கப்பட்டது. உயிரிழப்புக்கு ரூ. 15,000 என வரையறுக்கப்பட்டது.
1989: 1988-ஆம் ஆண்டின் புதிய மோட்டார் வாகனச் சட்டம் சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது.
2018: உச்ச நீதிமன்ற ஆணைப்படி, செப்டம்பர் 1 முதல் புதிய மகிழுந்துக்கு 3 ஆண்டு, இருசக்கர வண்டிக்கு 5 ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமானது.

அரசுப் பேருந்துகள் இதில் தனி வகை. இழப்பீட்டிற்கென நிதியம் வைத்திருந்தால், அரசுப் போக்குவரத்துக் கழக வண்டிகளுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்கு அளிக்கச் சட்டம் இடம் தருகிறது. இழப்பீடு காலத்தில் செலுத்தப்படாதபோது நீதிமன்ற ஆணையால் அரசுப் பேருந்து ஜப்தி செய்யப்படுவது தமிழ்நாட்டில் அடிக்கடி நிகழ்கிறது. தென்மாவட்டத் தீர்ப்பாயங்களின் மேல்முறையீடுகளை, 2004-இல் தொடங்கப்பட்ட உயர்நீதிமன்ற மதுரைக் கிளை விசாரிக்கிறது.

நிறுத்துமிடச் சிக்கல்

மதுரை 1971-இல் மாநகராட்சியானது. இன்று நகர வண்டிகள் டி.என். 58, 59, 64 ஆகிய எண்களில் பதிவாகின்றன. மாசி வீதிகளின் கடைகள் தெருவை ஒட்டியே இருப்பதால், நிறுத்தப்படும் ஒவ்வொரு வண்டியும் நடப்போரை நடுத்தெருவுக்குத் தள்ளுகிறது. நகருக்குள் வரும் வெளியூர்ப் பேருந்துகளைக் குறைக்க 1999-இல் மாட்டுத்தாவணியில் எம்.ஜி.ஆர். பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகள் நடப்போருக்கென ஒதுக்கப்பட்டன. 2016-இல் மதுரை சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்தபின், பழைய காய்கறிச் சந்தை இருந்த வடக்கு ஆவணி மூல வீதிப் பகுதியில் பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் கட்டப்பட்டது. புறநகர் நெரிசலுக்காக நத்தம் சாலையில் 7.3 கி.மீ. நீள மேம்பாலம் 2023-இல் திறக்கப்பட்டது.

முக்கியத்துவம்

மேம்பாலமும் சுற்றுச்சாலையும் வண்டிகளுக்கு வழி தந்தாலும், கோட்டைக்குள் இருந்த பழைய நகரின் தெருக்களை அகலப்படுத்த இயலாது. அங்கே இடம் கிடைப்பது வண்டிகளை வெளியே நிறுத்துவதைப் பொறுத்தது. காப்பீட்டைப் புதுப்பிக்காத வண்டி மோதினால், அடிபட்டவர் உரிமையாளரின் சொத்தையே நம்ப வேண்டியுள்ளது. 1946-க்கு முன்பிருந்த நிலையும் அதுவே.