இட்டாலிக்: சாய்வா, ஓட்டமா?

'இட்டாலிக்' என்றால் சாய்வெழுத்து என்கின்றன கணினிக் கலைச்சொல் பட்டியல்கள். டி.டி.பி. மேசையிலும் அதுவே வழக்கு. சொல்லில் சாய்வு எங்கே இருக்கிறது? இத்தாலியிலிருந்து வந்தது என்பதற்கு மேல் அதில் பொருளே இல்லை. பிறந்த நாட்டார்க்கு அது 'கோர்சீவோ', ஜெர்மானியர்க்குக் 'குர்சிவ்', ஸ்பானியர்க்குக் 'குர்சிவா'. மூன்றுக்கும் வேர், ஓடுதலைக் குறிக்கும் 'குர்ரெரே' என்ற இலத்தீன் வினை. பெயரிட்டவர்கள் கண்டது ஓட்டத்தை.

பொருளின் வரலாறும் இதற்கே சான்று. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஃபுளோரன்சின் நிக்கோலோ நிக்கோலி பழைய நூல்களைப் படியெடுக்கக் கையாண்ட விரைவெழுத்து இதன் மூலம். வெனிசில் அச்சாளர் ஆல்டுஸ் மனூட்டியஸுக்காக அதை அச்செழுத்தாக வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. 1500இல் புனித கத்தரீனாளின் கடித நூலில், ஒரு மரச்செதுக்குப் படத்துக்குள் சில சொற்களாகத் தலைகாட்டியது. 1501இல் வெர்ஜில் பதிப்பு முழுவதையும் நிரப்பியது. அப்பதிப்பில் பெரிய எழுத்துகள் நிமிர்ந்தே நிற்கின்றன. சாய்வுதான் இலக்கணம் என்போர் இவற்றை எங்கே வைப்பர்?

கவிஞர் பெட்ரார்க்கின் கையெழுத்தைப் பார்த்து இவ்வெழுத்தை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. பெட்ரார்க் இறந்தது 1374இல். அவர் எழுதியது கோதிக் சாயல் கொண்ட எழுத்து. கதையைக் கதையாகவே விடலாம்.

போர்த்துக்கீசியர் இவ்வெழுத்தைக் 'கிரிஃபோ' என்றும் சொல்வர். லியோன் நகர அச்சாளர் செபாஸ்டியன் கிரிஃபியஸின் பெயர் அது என்பர் ஒரு சாரார். வெட்டியவர் பெயரே என்பர் மறுசாரார். நான் பின்னவர் பக்கம். ஃபானோவில் அச்சாளர் சோன்சினோ 1503இல் அச்சிட்ட பெட்ரார்க் நூலின் முன்னுரை, இவ்வெழுத்தைப் படைத்த புகழ் ஆல்டுஸுக்கு அன்று, கிரிஃபோவுக்கே உரியது என்று அப்போதே வழக்காடியிருக்கிறது.

நல்ல இட்டாலிக் ஒன்றை உருப்பெருக்கிப் பாருங்கள். ஆங்கில 'ஏ' தன் மேல்வளைவை உதறி ஒற்றைக் குடமாகிறது. 'எஃப்' வரிக்குக் கீழே வால் விடுகிறது. அடிக்கட்டைகள் (செரிஃப்) இருந்த இடத்தில் பேனா நுழைந்து வெளியேறிய தடம் தெரிகிறது. நிமிர்ந்த எழுத்தைத் தள்ளிச் சாய்த்தால் இவை வாரா. அப்படிச் சாய்த்ததற்கு 'ஒப்ளிக்' என்று அச்சுக்கலையில் வேறு பெயர். தமிழ் எழுத்துருக்களில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதுதான்: வளைவு எதுவும் மாறாமல் காற்றில் சரிந்த 'ழ'.

முழு நூலைத் தாங்கிய எழுத்து, பின்னர் நூற்பெயருக்கும் அயற்சொல்லுக்கும் அழுத்தத்துக்கும் ஏவலாளானது. சுற்றிலும் நிமிர்ந்த எழுத்து நடக்க, இது மட்டும் ஓடுவதால்தான் கண் அங்கே பதிகிறது.

ஆகவே 'சாய்வெழுத்து' ஒப்ளிக்கோடு போகட்டும். இதற்குக் 'கூட்டெழுத்து' என்பதும் பொருந்தாது. அச்சில் இவை பெரும்பாலும் தனித்தனியே நிற்பவை. வட்டெழுத்து என்று பெயரிட்ட மொழிக்கு 'ஓடெழுத்து' என்ற வினைத்தொகை அரிதன்று. அதுவே சரியான பெயர் என்பது என் துணிபு.