குமாஸ்தா வீட்டுக் காதல்

கல்கத்தாவின் தென்பகுதியில் கரியாஹாட் என்றொரு நாற்சந்தி உண்டு. புடைவைக் கடைகளுக்கும் மீன் சந்தைக்கும் பெயர் பெற்ற இடம். அங்கிருந்து ராஷ்பிஹாரி அவென்யூ வழியே மேற்கு நோக்கி நடந்தால், அரைமணி நேரத்திற்குள் லேக் மார்க்கெட்டை அடையலாம். வாழையிலையும் பூச்சரமும் காப்பிப் பொடியும் கிடைக்கும் அந்தப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து வந்திருக்கின்றன. இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவே, அவென்யூவுக்கு அருகில் அமைந்துள்ள அசுவினி தத்தர் சாலையில், 24-ஆம் எண் வீட்டில்தான் வங்க நாவலாசிரியர் சரத்சந்திர சட்டோபாத்தியாயர் தம் இறுதி ஆண்டுகளில் வசித்து வந்தார். 1938 ஜனவரி 16-ஆம் நாள் அவர் காலமானார்.

சரத்சந்திரரை நம் பாட்டிமார் வேற்று மொழி ஆசிரியராகக் கருதியதே இல்லை எனலாம். அ. கி. ஜயராமன், ஆர். சண்முகசுந்தரம் முதலியோரின் மொழிபெயர்ப்புகளால் அவர் தமிழ் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தார். 1953-இல் ‘தேவதாஸ்’ தமிழிலும் திரைப்படமாக வந்தபோது, அக்கதை பாமரருக்கும் தெரிந்த கதையாயிற்று. ‘படதிதி’ என்ற அவருடைய நாவல் 1961-இல் ‘கானல் நீர்’ என்னும் தமிழ்ப் படமாயிற்று. ஆயிரம் மைலுக்கு அப்பால் எழுதப்பட்ட காதல் கதைகள் நம்மவர்க்கு இத்துணை ஆறுதல் அளித்ததற்குக் காரணம் யாது?

வங்க நாவலின் தொடக்கத்தை நோக்கினால் விடை ஒருவாறு புலப்படும். பங்கிம் சந்திரர் 1865-இல் வெளியிட்ட ‘துர்கேச நந்தினி’யில் காதலர் கோட்டைகளிலே வாழ்கின்றனர்; போர்க்களமும் சிறைக்கூடமும் அவர்களைப் பிரிக்கின்றன. படித்து வியக்கலாம், ஆனால், படிப்பவரின் வீட்டில் கோட்டை ஏது? நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1907-இல், ‘பாரதி’ என்ற வங்க மாத இதழில் ‘படதிதி’ வெளிவரலாயிற்று. ஆசிரியருக்குத் தெரியாமலே நண்பர் ஒருவர் அதனைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். முதலில் பெயரின்றி வந்தமையால், எழுதியவர் ரவீந்திரநாதராகத்தான் இருக்கவேண்டும் என்று வாசகர் பலர் எண்ணினராம். உண்மையில் எழுதியவரோ அப்பொழுது ரங்கூனில் கணக்கலுவலகம் ஒன்றில் குமாஸ்தா!

1903-இல் பிழைப்பை நாடிப் பர்மாவுக்குச் சென்ற சரத்சந்திரர், 1916 வரை அங்கேயே இருந்தார். வேற்றூரில் வாடகை வீடு, மாதச் சம்பளம், ஊரிலிருந்து வரும் கடிதம் ஆகிய மூன்றையும் அனுபவத்தால் அறிந்தவர் அவர். 1912-இல் அவர் வீடு தீக்கிரையானபோது ‘சரித்திரஹீன்’ நாவலின் கையெழுத்துப் பிரதியும் எரிந்து போயிற்று. அதனைத் திரும்பவும் எழுதி 1917-இல் நூலாக்கினார். வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இவர் அந்நியராகத் தோன்றாததில் வியப்பில்லை.

1914-இல் வந்த ‘பரிணீதா’ என்ற சிறு நாவலை எடுத்துக்கொள்வோம். கதை தொடங்கும்போது, மாதம் அறுபது ரூபாய் சம்பளம் வாங்கும் பாங்கி குமாஸ்தா ஒருவருக்கு ஐந்தாவது பெண் குழந்தை பிறந்த செய்தி வருகிறது. வீடு அடமானத்தில் இருக்கிறது. கடன் கொடுத்தவர் அடுத்த வீட்டுச் செல்வந்தர். அவருடைய மகன் சேகரனும், குமாஸ்தாவின் வீட்டில் வளரும் தாயில்லாப் பெண் லலிதாவுமே காதலர். அவர்கள் காதல் மொழி பேசுவதே அரிது. சேகரனின் அலமாரிச் சாவி லலிதாவிடம் இருக்கிறது. செலவுக்கு வேண்டிய பணத்தை அவளே எடுத்துக்கொள்கிறாள். அவன் துணிமணிகளை அவளே ஒழுங்கு செய்கிறாள். குழந்தைகள் நடத்திய பொம்மைக் கல்யாணத்தில் மிஞ்சிய மாலையை ஒரு நாள் மாலை விளையாட்டாக அவன் கழுத்தில் இடுகிறாள். அவன் அதனைத் திருப்பி அவளுக்குச் சூட்டிவிட, அன்றிலிருந்து அவள் தன்னை மணமானவளாகவே எண்ணி வாழ்கிறாள். ‘பரிணீதா’ என்றால் மணம் புரிந்துகொண்டவள் என்பதுதானே பொருள்!

இங்கே பிரிவினைச் செய்வது பகையரசன் அல்லன், அடமானப் பத்திரம். கல்யாணச் செலவு, ஜாதிக் கட்டுப்பாடு, அண்டை வீட்டார் பேச்சு ஆகியவையே இடர்ப்பாடுகள். தன் வீட்டில் அன்றாடம் காணும் தொல்லைகளையே, ஒரு பெரிய ஆசிரியர் எழுதத் தக்கவை என மதித்து எழுதியிருக்கிறார் என்று கண்ட வாசகிக்கு, அந்த மதிப்பே முதல் ஆறுதல். சுபமான முடிவு அதற்கு அப்புறந்தான் வருகிறது. சிறிதளவே வாக்களிக்கும் கதையை மனம் நம்புகிறது. நம்பிய கதையே தேற்றவும் வல்லது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி இங்கே கூறவேண்டும். சரத்சந்திரரின் காதலர் அடிக்கடி ‘அபிமானம்’ கொள்வர். தமிழில் அபிமானம் என்றால் பற்று, மதிப்பு. வங்காளிகளுக்கோ அது, அன்புடையவரிடம் மட்டுமே கொள்ளும் மனத்தாங்கல். அந்நியரிடம் கோபம் கொள்ளலாம். அபிமானம் கொள்ள இயலாது. சொல்லை அப்படியே தமிழில் இட்டால் பொருள் தலைகீழாகும். ஆனால், திருக்குறளின் காமத்துப்பால் முடிவில் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என மூன்று அதிகாரங்களை இதற்கென்றே வைத்திருக்கும் மொழி நம்முடையது. சொல் பெயராவிட்டாலும் உணர்ச்சிக்கு இங்கே ஏற்கெனவே இடம் இருந்தது. சரத்பாபு தமிழில் எளிதாகக் குடிபுகுந்ததற்கு இதுவும் ஒரு காரணமென்பது என் எண்ணம்.

இனி, மறுப்புரையையும் கேட்கவேண்டும். இத்தகைய நாவல்கள் பெண்களை அடுக்களையிலேயே அமைதியாக இருக்கச் செய்யும் தாலாட்டு என்று கூறுவோர் உண்டு. அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1916-இல் வெளிவந்த ‘பல்லி சமாஜ்’ நாவலில், இளமையிலேயே கணவனை இழந்த ரமாவும் அவளை நேசிக்கும் ரமேஷும் கடைசி வரையில் ஒன்று சேரவில்லை. ரமா காசிக்குப் புறப்பட்டுவிடுகிறாள். விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-இலேயே, அதுவும் அதே கல்கத்தாவில், நிறைவேறிவிட்டது. சட்டம் சென்ற தூரம் நாவலாசிரியர் செல்லத் துணியவில்லை என்றே முதற்பார்வையில் தோன்றும். ஆயினும் அறுபது ஆண்டுகள் கடந்தும் கிராமம் அச்சட்டத்தை ஏற்கவில்லை என்பதும் உண்மையன்றோ? ரமாவுக்கு அவர் மணம் முடித்து வைத்திருந்தால், அவள் நிலையிலிருந்த பெண்கள் ஒரு பொழுது மகிழ்ந்து, புத்தகத்தை மூடியதும் தாம் தனித்து விடப்பட்டதாக உணர்ந்திருப்பர். அவளுடைய துயரில் தம் துயரைக் கண்டபோது, தனிமையேனும் குறைந்தது. என்றாலும், தேறுதல் பெற்றவள் அதோடு அடங்கிவிடுகிறாளா, அல்லது தன் நிலைமையைக் கேள்வி கேட்கத் தொடங்குகிறாளா என்பதை எந்த ஆசிரியரும் கட்டுப்படுத்த முடியாது.

தமிழில் இந்த வழியைத் தமக்கே உரிய முறையில் விரிவாக்கியவர் ‘லக்ஷ்மி’ என்ற புனைபெயரில் எழுதிய டாக்டர் திரிபுரசுந்தரி. 1921-இல் பிறந்த அவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பணமுடை ஏற்படவே, ‘ஆனந்த விகட’னுக்குக் கதைகள் எழுதி அவ்வூதியத்தால் படிப்பைத் தொடர்ந்தார். சரத்சந்திரரின் நாயகி சாவிக் கொத்தைக் காத்தாள். லக்ஷ்மியின் ‘பெண் மனம்’, ‘மிதிலா விலாஸ்’ முதலிய நாவல்களை விரும்பிப் படித்த பெண்களின் தலைமுறையோ, சம்பளக் கவரையும் கையில் வாங்கத் தொடங்கிய தலைமுறை. அந்த வாசகியரின் காதலில், மாப்பிள்ளையின் குணத்தோடு மாமியாரின் சுபாவமும் வேலைக்குச் செல்லும் உரிமையும் சேர்ந்தே எடைபோடப்பட்டன. திருமணத்திற்குப் பின் இருபதாண்டுகளுக்கு மேல் தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்து, 1977-இல் தாயகம் திரும்பிய லக்ஷ்மிக்கு, ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்காக 1984-இல் சாகித்திய அக்காதெமி விருது கிடைத்தது. அவரும் நம்மைப் போல் வேற்றூரில் குடித்தனம் நடத்தியவரே.

கரியாஹாட்டிற்கு மிக அண்மையில், கோல்பார்க் நடைபாதையில், பழைய புத்தகக் கடைகள் வரிசையாக உண்டு. சரத்சந்திரர் நூல்களின் காப்புரிமைக் காலம் 1988-ஆம் ஆண்டுடன் முடிவுற்றதால், பதிப்பகங்கள் பலவும் அவற்றை மலிவு விலையில் அச்சிட்டுத் தள்ளின. வங்க எழுத்தைக் கற்றுக்கொள்ள விரும்பும் தமிழர்க்கு நான் ‘பரிணீதா’வைத்தான் முதலில் வாங்கச் சொல்வது வழக்கம். சிறிய புத்தகம், வாக்கியங்கள் எளியவை, அடமானம், சம்பளம், சாவி என வருபவையெல்லாம் வீட்டில் புழங்கும் சொற்கள்.