சக்கர நாற்காலிப் பயனர்களின் உடற்தகுதி அளவீடு

சக்கர நாற்காலிப் பயனர்களின் உடற்தகுதி அளவீடு என்பது, சக்கர நாற்காலியில் இயங்குவோரின் இதயம், நுரையீரல், தசைகள் ஆகியவற்றின் திறனைக் கைகளின் உழைப்பைக் கொண்டு மதிப்பிடுவது ஆகும்.

முறைகள்

ஆய்வகத்தில் பயனர், கைகளால் சுழற்றும் எர்கோமீட்டரையோ உருளைகள் மீது நிறுத்தப்பட்ட தமது நாற்காலியையோ இயக்குவார். பளு படிப்படியாகக் கூட்டப்படும். அவரது மூச்சுக்காற்றைப் பகுத்து, உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தும் ஆக்சிசனின் உச்ச அளவு கணக்கிடப்படும். கைத்தசைகள் சிறியவை என்பதால், கால்களுக்குரிய அட்டவணைகளுடன் இதை ஒப்பிடுதல் கூடாது. கருவிகள் இல்லாத இடங்களில், 6 அல்லது 12 நிமிடங்களில் கடக்கும் தொலைவு அளக்கப்படுகிறது. தரையின் தன்மையும் சக்கரங்களின் காற்றழுத்தமும் இம்முடிவை மாற்றக்கூடியவை.

இதயத் துடிப்பு

உச்ச இதயத் துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிப்பது வழக்கம். இதன்படி 30 வயதினருக்கு 190 கிடைக்கும். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் முழுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது. இதயத்தை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் மார்புத் தண்டுவடத்தின் மேற்பகுதியிலிருந்து புறப்படுகின்றன. மூளையின் கட்டளை அவற்றை எட்டாததால், முழு உழைப்பின்போதும் துடிப்பு பெரும்பாலும் 110-130 அளவிலேயே நின்றுவிடும். இதை முயற்சிக் குறைவு எனக் கருதுவது தவறு. எனவே, உழைப்பின் கடுமையைப் பயனரே 6 முதல் 20 வரையான எண்ணால் குறிக்கும் முறையும் கையாளப்படுகிறது. சுவீடன் உளவியலாளர் குன்னர் போர்க் இதனை வகுத்தார்.

பாதுகாப்பு

6ஆம் மார்புத் தண்டுவடப் பகுதியிலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பைகூட இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தலாம். ஆகவே சோதனைக்கு முன் சிறுநீர் கழித்தல் இன்றியமையாதது.