மெலிவிக்கும் மருந்துகளின் வரலாறு

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது நம் நாட்டுப் பழமொழி. இதைச் சொல்லிவைத்தவர்கள் கொழுத்தவர்களைக் காட்டிலும் இளைத்தவர்களையே அதிகமாகக் கண்டிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை. நம் பேச்சுவழக்கே இதற்குச் சான்று பகரும். சற்றுச் சதைப்பிடிப்புள்ள பெண்ணைப் ‘பூசினாற்போல் இருக்கிறாள்’ என்று பாராட்டினோம். விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ செல்லும் பம்பாய்த் தமிழரை ஊரார் ‘ஏன் இப்படி இளைத்துப் போய்விட்டாய்?’ என்றுதான் முதலில் விசாரிக்கின்றனர். அரசாங்க ஏடுகளில் நாம் எழுதும் ‘உடற்பருமன்’ என்ற சொல் செம்மையான சொல்லே. ஆயினும் அதில் ஊராரின் பெருமையும் இல்லை, இன்றைய நகரத்தாரின் அச்சமும் இல்லை.

மும்பைத் தமிழரின் குடும்பக் கதையில் பருமன் மிகவும் பிற்பட்டு வந்த விருந்தாளி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் தொழிலில் இறங்கியவர்களுக்கு, உண்ட சோறு மாலைக்குள் வியர்வையாகிவிடும். 1943ஆம் ஆண்டு மே மாதத்தில் பம்பாயில் தானியப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ரேஷன் வரிசையில் நின்ற அந்தத் தலைமுறைக்கு வயிறு நிறைவதே செல்வமாயிருந்தது. மாட்டுங்காவில் ராம நாயக்கின் உடுப்பி உணவகம் தோன்றியது அதற்கு முந்திய ஆண்டில்தான். குடும்பத்தை ஊரில் விட்டுவந்த எழுத்தர்கள் வாழையிலையின் முன் அமர்ந்து இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டபோது, அது பேராசையாக யாருக்கும் தோன்றியிராது. 1950ஆம் ஆண்டுகளில் செம்பூரை அடுத்த டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. வேலையும் குடியிருப்பும் பெருகின. பேரப்பிள்ளைகள் மின்தூக்கியில் ஏறி, நாற்காலியில் அமர்ந்து, நள்ளிரவில் உண்பவர்களாயினர். இலையில் விழும் சோற்றின் அளவு மட்டும் பாட்டனார் காலத்ததே.

இதில் நம்மவர் உடலுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாக்னிக்கும் ஆங்கில மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே அளந்து, அதன் விவரத்தை 2004ஆம் ஆண்டில் ‘லான்செட்’ ஏட்டில் வெளியிட்டனர். உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கில் இருவரும் ஒரே எண்ணில் நின்றனர். ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலில் 21.2 விழுக்காடு! கண்ணுக்கு ஒல்லியாகத் தெரியும் இந்தியரும் உள்ளே கொழுப்பைச் சுமக்கக்கூடும். ஆதலால்தான் உடல்நிறை எண் 25ஐ எட்டினாலே நம் நாட்டு மருத்துவர்கள் அதனைப் பருமன் என்று கொள்கின்றனர். கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 68 கிலோகிராம் என்பது 25ஆகும்.

எடையைக் குறைக்க மருந்து உட்கொள்ளலாமா என்ற கேள்வி இன்று மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வீட்டுக்கு வீடு எழுகிறது. இது புதிய கேள்வியன்று. இதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாறு அவ்வளவு நல்ல வரலாறும் அன்று.

முதல் உலக யுத்தத்தின்போது பிரான்சு நாட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோபீனால் என்னும் மஞ்சள்நிறப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள் மெலிந்தனர், கடும் காய்ச்சல் கண்டனர், சிலர் மாண்டனர். 1933இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதே பொருளை மெலிவிக்கும் மருந்தாக அறிமுகம் செய்தனர். அது வேலை செய்யும் விதத்தை அடுப்பை வைத்து விளக்கலாம். விறகு எரியும், உலை கொதிக்காது, வெப்பம் வீணே வெளியேறும். உண்ட உணவு உடலுக்கு வலுவாக மாறாமல் வெறும் சூடாகக் கழிவதால் எடை குறைந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் ஒரு லட்சம் அமெரிக்கர் அதனை உட்கொண்டதாக அக்காலத்தில் மதிப்பிட்டனர். பின்னர்க் கண்களில் புரை விழுந்தது. உடல் கொதித்து இறந்தவர்களும் உண்டு. 1938இல் புதிய மருந்துச் சட்டம் வந்ததும் அது மருந்துக் கடைகளிலிருந்து அகன்றது.

அதன் இடத்தை ஆம்ஃபெட்டமின் பிடித்தது. பசி அடங்கும், சுறுசுறுப்பு மிகும், உறக்கம் போகும். நாளடைவில் அதை விட முடியாத அடிமைத்தனமும் வந்து சேரும். அமெரிக்காவில் இதனோடு தைராய்டுச் சத்து, சிறுநீர் பெருக்கி, இருதய மருந்து முதலியவற்றைக் கலந்து, வண்ண வண்ண மாத்திரைகளாக விற்றனர். ‘வானவில் மாத்திரை’ என்ற அழகிய பெயர் வேறு! உயிர்கள் போனபின் 1968இல் அந்நாட்டு அரசு அவற்றைப் பறிமுதல் செய்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவில் அமினோரெக்ஸ் என்னும் மாத்திரை, நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தத்தை ஏற்றுவதாகக் கண்டு நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்த ஃபென்ஃபுளுரமின் இருதய வால்வுகளைக் கெடுத்தது. 1997இல் அமெரிக்காவிலும் 1998இல் நம் நாட்டிலும் விலக்கப்பட்டது. ரிமோனபன்ட் மனச்சோர்வை உண்டாக்கியது. நம் நாட்டில் அதற்கு 2009இல் தடை விதித்தனர். சிபுட்ரமின் கதை இவற்றைவிடப் படிப்பினை மிகுந்தது. மனச்சோர்வுக்காகத் தேடிய மருந்து பசியைக் குறைப்பது கண்டு, 1997இல் அதனை மெலிவிக்கும் மருந்தாக அமெரிக்கா அனுமதித்தது. பத்தாண்டுக்கு மேல் உலகெங்கும் விற்பனையானது. இதற்கிடையே 9,804 பேரைக் கொண்டு நெடுங்காலச் சோதனை ஒன்றை நடத்தினர். மருந்து உண்டவர்களில் 11.4 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 10 விழுக்காட்டினரும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றுக்கு ஆளாயினர். எடை குறைந்தது உண்மை. இருதயத்துக்கு நேர்ந்த தீங்கும் உண்மை. 2010இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதனைக் கைவிட்டன. 2011 பிப்ரவரியில் இந்திய அரசிதழில் தடை அறிவிப்பு வெளியாயிற்று. அரசிதழ் அறிவிப்புகளின் நடை வறண்டது. அதில் மருந்தின் பெயரும் தேதியும் இருக்கும், அதை உட்கொண்டவர்கள் இருக்கமாட்டார்கள்.

இம்மருந்துகளுள் எதையும் ‘பயனற்றது’ என்று விலக்கவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எல்லாமே எடையைக் குறைத்தன. சில மாதச் சோதனையில் நல்ல பெயர் பெற்றவை, சில ஆண்டுப் பயன்பாட்டில் அப்பெயரை இழந்தன. 1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆர்லிஸ்டாட் இன்றும் நிலைத்திருக்கிறது. அது உண்ட கொழுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் செரிக்கவிடாமல் வெளியேற்றுகிறது. அதனால் பலன் மிதமானது, கழிப்பறைத் தொல்லை மிகுதியானது.

இப்போது வந்திருப்பவை வேறு இனத்தவை. உண்டபின் குடலில் சுரக்கும் ஒரு சுரப்பைப் போன்று நடித்து, ‘வயிறு நிறைந்தது’ என்று மூளைக்குச் சேதி சொல்பவை. அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லி ஒன்றின் நஞ்சில் இத்தகைய பொருளை ஜான் எங் என்னும் மருத்துவர் கண்டது 1992இல் வெளிவந்தது. நீரிழிவுக்கான முதல் மருந்து அதிலிருந்து 2005இல் உருவாயிற்று. செமாக்ளுடைட் மாத்திரை நீரிழிவு நோயாளிகளுக்காக 2022 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தது. வெறும் வயிற்றில் சிறிது நீருடன் அதை விழுங்கி, அரைமணி நேரம் வேறெதுவும் அருந்தாமல் இருத்தல் வேண்டும். விடியற்காலைக் காப்பி இல்லாமல் கண் விழியாத மாட்டுங்காவாசிகளுக்கு இதுவே பெருஞ்சோதனை! எடைக் குறைப்புக்கென்று வாரம் ஒருமுறை போடும் ஊசிகளான மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன.

இவற்றின் கணக்கு முந்தியவற்றின் கணக்கன்று. செமாக்ளுடைட் ஊசியால் 68 வாரங்களில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4 விழுக்காடே. சிபுட்ரமின் தோற்ற அதே தேர்வில் இது தேறியது. ஏற்கெனவே இருதய நோயுள்ள 17,604 பேரிடம் நடத்திய சோதனையில் மாரடைப்பு முதலியன ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2023இல் அறிவித்தனர். இது சிறிய செய்தியன்று. பழைய மருந்துகளைக் காட்டி இவற்றையும் ஒருசேரப் பழிப்பது நியாயமாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் மற்றொரு கணக்கும் உண்டு. ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. அப்படியானால் இது காய்ச்சல் மாத்திரை போன்று சில நாளில் முடிவதன்று. இரத்தக் கொதிப்பு மருந்து போன்று ஆண்டுக்கணக்கில் தொடர்வது. 2025இல் மௌஞ்சாரோ வந்தபோது மிகக் குறைந்த அளவுள்ள ஒரு குப்பியின் விலை 3,500 ரூபாய். மாதத்துக்கு நான்கு குப்பி. செமாக்ளுடைட்டின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சு வரையில்தான் என்பதால், விலை இறங்கும் என்ற எதிர்பார்ப்பு பரவலாக எழுந்தது. விலை இறங்கினும் குமட்டல், வாந்தி, பித்தப்பைக் கற்கள் ஆகியவை இறங்கா. கணைய அழற்சியும் அரிதாக நேரும். கர்ப்பிணிகளுக்கும், தைராய்டில் குறிப்பிட்டதொரு புற்றுநோய் குடும்பத்தில் கண்டவர்களுக்கும் இவை ஆகா. கொழுப்போடு தசையும் கரைகிறது. தசை முன்னமே குறைந்த நம்மவர், அதிலும் பருப்பைக் கரண்டியிலும் சோற்றைக் குன்றாகவும் உண்ணும் வீட்டினர், இதனை மருத்துவரிடம் தனியே கேட்டறிய வேண்டும்.

இவ்வூசிகளுக்கு இங்கே அனுமதி, உடல்நிறை எண் 30க்குக் குறையாதவர்களுக்கும், 27ஐ எட்டி நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போன்ற நோயுடையவர்களுக்குமே. முன்சொன்ன 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அவை முறையே ஏறத்தாழ 82 கிலோகிராமும் 73½ கிலோகிராமும் ஆகும். அடுத்த மாதத் திருமணத்துக்குப் பழைய பட்டுச்சட்டை பொருந்த வேண்டுமென்று நான்கு கிலோகிராம் குறைக்க விழைபவர் இக்கணக்கில் அடங்கார். முழங்கால் தேய்ந்து, சர்க்கரை ஏறி, தாராவியில் மூன்றாம் மாடி ஏற மூச்சு வாங்கும் நாற்பது வயதினர் அடங்குவார். விலைச்சீட்டைக் கண்டு தயங்குபவரும் பெரும்பாலும் அவரே.

தயங்கி நிற்பவரை நாடித்தான் வேறொரு சரக்கு வருகிறது. ‘மூலிகைப் பொடி, பக்கவிளைவு இல்லை’ என்று அச்சிட்ட உறைகள் கைமாறுகின்றன. கைபேசியிலும் விளம்பரம் வருகிறது. இத்தகைய ‘இயற்கை’ மெலிவுப் பொருள்கள் பலவற்றை அமெரிக்க மருந்து நிர்வாகம் சோதித்தபோது, உறையில் பெயர் இல்லாத ஒன்று உள்ளே இருந்தது. அது சிபுட்ரமின்.