பனை இலச்சினை

அரியலூரிலிருந்து தெற்கே போனால் கீழப்பழுவூர். சிமெண்ட் லாரிகள் கிளப்பும் புழுதியைத் தாண்டினால் ஆலந்துறையார் கோயில். இன்னும் கொஞ்ச தூரத்தில் மேலப்பழுவூர், அதையொட்டிக் கீழையூர் இரட்டைக் கோயில். முன்பு திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், இப்போது அரியலூர். குமரன் கண்டன், குமரன் மறவன் என்று கல்வெட்டுகளில் வரிசையாக வருகிறவர்கள்தான் பழுவேட்டரையர்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையில் சோழநாட்டின் கஜானாவையும் தஞ்சைக் கோட்டையையும் கையில் வைத்திருக்கும் அண்ணன் தம்பிக்கு இந்த மண்தான் பூர்வீகம்.

கதையில் அவர்களின் சின்னம் பனைமரம். அது எங்கிருந்து வந்தது? சுந்தர சோழரின் அன்பில் செப்பேடு பழுவேட்டரையரைக் கேரள அரசர் என்கிறது. அவர் மகளை முதலாம் பராந்தகன் மணந்தான். அரிஞ்சயன் அவள் பிள்ளை. கேரளத்துச் சேரர் சூடியதோ பனம்பூ. இந்த நூலைப் பிடித்துத்தான் கல்கி பழுவூர்க் கொடியில் பனையை ஏற்றியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கொடியிலிருந்து பனை மோதிரத்துக்கு இறங்கியது 'பொன்னியின் செல்வ'னில். கல்கி பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை வந்த தொடர்; படம் மணியம். தஞ்சைக்கு வெளியே பல்லக்கில் போகும் நந்தினி, அண்ணன் பழுவேட்டரையரின் இளம் மனைவி, முன்பின் தெரியாத வீரன் வந்தியத்தேவனிடம் பனை இலச்சினை மோதிரத்தைக் கொடுக்கிறாள். யாரையும் லேசில் உள்ளே விடாத கோட்டை வாசல் அதைக் கண்டதும் திறக்கிறது. வாள் உறையிலேயே இருக்கிறது. ஆனால் உள்ளே சின்னப் பழுவேட்டரையர் இருக்கிறாரே! மோதிரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்கிறார், பாதி உண்மையும் பாதி புளுகுமாகப் பையன் சமாளிக்கிறான். அவர் நம்பிவிட்டாரா, விட்டுப் பிடிக்கிறாரா? அதைத் தெரிந்துகொள்ள அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. அந்தக் காத்திருப்பும் கதையில் சேர்த்திதான்.

பிரிட்டிஷ் ஒற்றர் கதை ஒன்றிலும் இப்படி ஒரு சின்னப் பொருள் ஊர் சுற்றியிருக்கிறது. ஜான் லெ காரேயின் நாவலை பி.பி.சி. 1979-ல் ஏழு வாரத் தொடராக எடுத்தது. அலெக் கின்னஸ்தான் உளவாளி ஸ்மைலி. துப்பாக்கி அபூர்வம், அறைக்குள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். டெல்லிச் சிறையில் ஸ்மைலி மாய்ந்து மாய்ந்து பேச, எதிரே ரஷ்ய உளவாளி கார்லா வாயே திறப்பதில்லை. ஸ்மைலிக்கு மனைவி தந்த சிகரெட் லைட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். 1982-ல் வந்த அடுத்த தொடரின் கடைசிக் காட்சியில், பெர்லினில், அது ஸ்மைலியின் காலடியில் வந்து விழுகிறது. அவர் குனிந்து எடுப்பதில்லை. மோதிரம் போலவே அதுவும் ஒரு பெண் கொடுத்தது, கைமாறி ஒற்றர்களிடம் சிக்கியது. ஒற்றர் கதையில் இப்படிப்பட்ட பொருள் தோட்டாவைவிட ஆபத்தானது. வைத்திருப்பவனிடம் கேள்வி கேட்க வைத்துவிடும்.

பனை மோதிரம் பிறகு மேடை ஏறியது, 2022-ல் மணிரத்னம் படத்துக்கும் வந்தது. படம் அழகுதான். குதிரை ஓட்டத்தில் மோதிரத்துக்கு மூச்சுவிட நேரமில்லை, அவ்வளவுதான். ஐந்து பாகக் கதையை இரண்டு படத்தில் அடைத்தால் முதலில் கழிபடுவது பேச்சு. யாராவது இதை வாரத் தொடராக எடுத்தால், கோட்டை வாசலுக்கும் சின்னப் பழுவேட்டரையரின் விசாரணைக்கும் மட்டும் ஒரு முழுப் பகுதி ஒதுக்கட்டும். பின்னணி இசைகூட வேண்டாம்.